அந்தக் கையை வெட்டாதே

பாலு, நீ சென்னையிலிருந்து அனுப்பிய படங்கள் எல்லாவற்றையும் பார்த்துவிட்டேன். ஒன்றுகூட வேண்டாம். வாட்ஸப்பில் ஒரு வரியில் சொல்லி முடிக்கிற விஷயத்தை ஏன் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன், அதுவும் உனக்கு மட்டும் அனுப்பாமல் என் பக்கத்தில் எல்லோரும் பார்க்கும்படி ஏன் போடுகிறேன் என்று கேட்பாய். காரணம் இருக்கிறது. உன் சித்தப்பாவும் சித்தியும் வேறு பெயரில் ஒரு கணக்கு வைத்துக்கொண்டு என் பக்கத்தைப் பார்த்துக்கொண்டே இருக்கிறார்கள். முகம் இல்லாமல் ஒரு ரோஜாப்பூ படம் வைத்த கணக்கு அது. நான் எது போட்டாலும் முதலில் வந்து பார்த்துவிட்டு, லைக் போடாமல் போகும். உனக்கு எழுதுகிற இதை அவர்களும் படிக்கட்டும் என்றுதான் இங்கே போடுகிறேன்.

நம் சமையல் தொழிலுக்கு முதன்முதலாக ஒரு வெப்சைட் வரப்போகிறது. வெள்ளிக்கிழமை திறக்கப்போகிறோம். அதன் முதல் பக்கத்துக்கு நீ தேர்ந்தெடுத்திருப்பது, உயரமான வெள்ளைத் தொப்பி போட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிற ஒரு வெளிநாட்டுக்காரர். யாருடா இவர், திருவானைக்காவலில் எந்தத் தெரு? அடுத்த படத்தில் வெள்ளித் தட்டில் சப்பாத்தியும் பனீரும். அதற்கு அடுத்ததில் தோசைக்குப் பக்கத்தில் முள்கரண்டி. இன்னொன்றில் ஒரு குடும்பம் வரிசையாக உட்கார்ந்து சிரிக்கிறது. எல்லோருக்கும் பல் ஒரே அளவு. இந்தக் குடும்பத்தை நான் ஏற்கனவே ஒரு இன்சூரன்ஸ் விளம்பரத்தில் பார்த்திருக்கிறேன். சத்திரம் பஸ் ஸ்டாண்டு போகிற வழியில் ஒரு பல் டாக்டர் போர்டிலும் இதே குடும்பம்தான் சிரித்துக்கொண்டிருக்கிறது. காசு கொடுத்து முறையாக வாங்கிய படம், யாரும் கேள்வி கேட்க முடியாது என்கிறாய். சரிதான். ஆனால் மகள் கல்யாணத்துக்குச் சமையல் ஆள் தேடுகிற ஒரு அம்மா என்ன பார்க்க வருகிறாள்? எந்த அடுப்பு, எந்தக் கை, சாம்பாரின் நிறம் எப்படி, இலையைத் துடைத்துப் போடுகிறார்களா என்று பார்க்க வருகிறாள். அவளுக்குத் தொப்பிக்காரரைக் காட்டினால், இவர்களிடம் காட்ட ஒன்றுமில்லை போலிருக்கிறது என்று அடுத்த சைட்டுக்குப் போய்விடுவாள். அடுத்த சைட் யாருடையது என்று உனக்கே தெரியும்.

என்னைப் பார்த்து நீ சிரிப்பாய். ஒரு கோர்ஸும் படிக்காமல் எல்லாம் ரீல்ஸ் பார்த்துக் கற்றுக்கொண்டு எனக்கே பாடம் எடுக்கிறாயா என்பாய். ஆமாம், எடுக்கிறேன். மலேசியாவில் தன் வீட்டுச் சமையலறையிலிருந்து சாப்பாட்டுப் படம் எடுக்கச் சொல்லித்தருகிற அந்தத் தமிழ்ப் பெண்ணுக்கு நான் எப்படிப்பட்ட ரசிகை என்று உனக்குத் தெரியும். ஒரு தடவை என் கமெண்டுக்கு அவள் ஒரு இதயம் போட்டாள். அதை ஸ்கிரீன்ஷாட் எடுத்து போன் முகப்பில் வைத்துக்கொண்டேன். "ரசிகர் மன்றம் ஆரம்பிச்சு தலைவியாயிடும்மா" என்று நீ கிண்டல் பண்ணினாய். உன்னைவிட ஒரு தலைமுறைதான் மூத்தவள், அந்தத் தலைமுறையும் சின்னத் தலைமுறை. நீ பிறந்தபோது எனக்கு இருபதுகூட ஆகவில்லை. ஜன்னல் வெளிச்சத்தில் எடுக்க வேண்டும், டியூப்லைட்டில் எடுத்தால் சோறு நீலமாக இருக்கும். எழுத்து வருகிற பக்கம் வெற்றிடம் விட வேண்டும். போனில் பார்த்தால் படத்தின் இரண்டு ஓரமும் வெட்டுப்படும், பெரிய திரையில் முழுசாகத் தெரியும், ஆகவே இரண்டிலும் பார்க்காமல் ஒரு படத்தையும் ஏற்றக்கூடாது. இதெல்லாம் அவள் சொல்லித்தந்தது. இதை வைத்து நான் என்ன செய்தேன் என்பதைத்தான் இன்றைக்கு உனக்குச் சொல்லப்போகிறேன். பாதிக் கதை உனக்குத் தெரியும். மீதிப் பாதியை நீ சென்னையில் இருந்ததால் நான் சொல்லவில்லை. நீ அனுப்பிய கடைசிப் படம் ஒன்று இருக்கிறதே, அப்பா படம், அதற்குக் கடைசியில் வருகிறேன்.

நான் கல்யாணமாகி மருங்காபுரிப் பக்கத்திலிருந்து இந்த வீட்டுக்கு வந்த புதிது. எங்கள் ஊரில் வாழை இல்லை. மழை பார்த்து விதைக்கிற காடு. விசேஷத்துக்கு மட்டும் இலை, மற்ற நாளில் தட்டு. இங்கேயோ இரண்டு ஆறுக்கு நடுவில் வீடு, கொல்லையெல்லாம் வாழை. வந்ததும் ஒரு விருந்து வைத்தார்கள். என் அப்பாவும் ஊரிலிருந்து வந்து பந்தியில் உட்கார்ந்திருந்தார். புது மருமகள் இலை போடட்டும் என்றார்கள். நான் உன் தாத்தாவுக்கு எதிரே குனிந்து நின்று, நுனி இடது பக்கம் வரும்படி பார்த்துப் பார்த்துப் போட்டேன். என் இடது பக்கம். உட்கார்ந்திருந்தவருக்கு அது வலது பக்கம். துக்க வீட்டில், போனவருக்குப் படைக்கிறபோது போடுகிற மாதிரி. அப்போது உன் சித்தப்பா சேகர்தான் ஆரம்பித்தார்.

"அண்ணி, அப்பா இன்னும் இருக்காருங்க. அதுக்குள்ள அனுப்பி வெச்சிடாதீங்க."

பந்தி முழுக்கச் சிரித்தது. என் அப்பா தலையைக் குனிந்துகொண்டார். அவர் இலையை விட்டு நிமிர்ந்து பார்க்காமல் சாப்பிட்டு எழுந்ததை நான் மறக்கவில்லை. உன் அப்பா மட்டும் தன் இலையிலிருந்து எழுந்து வந்தார். என் தோளைப் பிடித்துத் தாத்தா பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்தினார். "நீ எதிர்ல நிக்கிறல்ல, அதான். உனக்கு இடது அவங்களுக்கு வலது. எப்பவும் சாப்பிடறவங்க பக்கம் நின்னு பாரு" என்று சொல்லிவிட்டு, இலையை அவரே திருப்பிப் போட்டார். அவ்வளவுதான், திட்டவில்லை, சிரிக்கவில்லை. ஆனால் சேகர் விடவில்லை. நீ வளர்ந்த பிறகும் ஒவ்வொரு விசேஷத்திலும் உன் காதில் விழுந்திருக்குமே. "அண்ணி இலை எடுத்துக்கிட்டு வராங்க, உசுரு வேணுங்கறவங்க எழுந்து ஓடுங்க" என்பார். சித்தி கல்யாணமாகி வந்ததும் அவளும் சேர்ந்துகொண்டாள். நானும் சிரித்துவைத்தேன். வேறு என்ன செய்ய முடியும்.

அண்ணனும் தம்பியும் சேர்ந்து சமையல் காண்ட்ராக்ட் எடுக்க ஆரம்பித்தபோது, ஸ்ரீரங்கத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் அவர்களுக்குக் கிடைத்த முதல் பெரிய வேலையன்று நான்தான் அந்தப் படத்தை எடுத்தேன். கேமரா வைத்த முதல் போன் அப்போதுதான் வாங்கியிருந்தேன். கண்ணில் பட்டதையெல்லாம் எடுத்துக்கொண்டிருந்தேன். பின்னால் கோட்டை அடுப்பில் அண்டா கொதிக்கிறது. ஜன்னலிலிருந்து விழுகிற வெயிலில் ஆவி வெள்ளையாகத் தெரிகிறது. அப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, தம்பியின் தோளில் கை போட்டு நிற்கிறார். விரலில் என் வீட்டில் போட்ட கல்யாண மோதிரம். இரண்டு பேரும் சிரிக்கிறார்கள். சேகருக்கு ரசம் வைக்கச் சொல்லித்தந்ததிலிருந்து பந்தி நடத்தச் சொல்லித்தந்தது வரை எல்லாம் அப்பாதான். அந்தக் கை அங்கே சும்மா இல்லை.

நீ பிளஸ் டூ படிக்கும்போது அப்பா போய்ச் சேர்ந்தார். அதை எழுத மாட்டேன், உனக்குத் தெரியும். காரியம் முடிந்ததும் சேகர் வந்து, "அண்ணி, நீங்க அலையாதீங்க, வீட்ல இருங்க, தொழிலை நான் பாத்துக்கறேன்" என்றார். அக்கறை என்று நினைத்தேன். பாத்திரமெல்லாம் தில்லை நகருக்குப் போனது. கொஞ்ச நாளில் புது போர்டு வந்தது. பழைய போர்டில் இரண்டு பேர் பெயரும் இருந்தது, புதியதில் ஒருவர் பெயர்தான். நான் வீட்டு அடுப்பில் வளைகாப்புக்கும் காதுகுத்துக்கும் சமைக்க ஆரம்பித்தேன். சமைத்ததையெல்லாம் படம் எடுத்துப் போட்டேன். அதைப் பார்த்துத்தான் ஆட்கள் வந்தார்கள். நம் சோறு படத்தில்தான் முதலில் வெந்தது.

பிறகு ஒரு நாள், அவர்கள் வெப்சைட் ஆரம்பித்திருப்பதாகக் கேள்விப்பட்டு ஆசையாகத் திறந்து பார்த்தேன். உண்மையிலேயே ஆசையாகத்தான். 'எங்களைப் பற்றி' என்று ஒரு பக்கம். அதில் நான் எடுத்த அந்தப் படம். சேகர் சிரிக்கிறார், ஆவி பறக்கிறது. உன் அப்பா இல்லை. வெட்டியிருந்தார்கள். ஆனால் ஒழுங்காக வெட்டத் தெரியவில்லை. தோளின் மேல் விரல்கள் மட்டும் இருந்தன, என் மோதிரத்தோடு. கீழே 'தனி ஒருவராகத் தொடங்கிய பயணம்' என்று எழுதியிருந்தது. அதே சைட்டில் வேறு பக்கங்களில் என் படங்கள். நான் வைத்த சர்க்கரைப் பொங்கல், நான் வாங்கிய பித்தளை உருளி. இது வரைக்கும்தான் உனக்குப் போனில் சொன்னேன். "விடும்மா, ரிப்போர்ட் அடிச்சிடலாம்" என்றாய். நான் விடவில்லை. மறுநாள் தில்லை நகருக்குப் போனேன்.

ஏசி ரூமில் இரண்டு பேரும் உட்கார்ந்திருந்தார்கள். போனைக் காட்டினேன். "இந்தப் போட்டோல உங்கண்ணன் எங்க?" என்று கேட்டேன்.

"அதுங்களா அண்ணி, டிசைன் பண்ற ஆளு வெட்டினான். நாம செய்யிறது சுப காரியம் பாருங்க. போனவங்க படத்தை வெச்சா கஸ்டமருக்கு ஒரு மாதிரி இருக்கும்."

"கை மட்டும் இருந்தா ஒரு மாதிரி இருக்காதா?"

"கை யாருதுன்னு யாருக்குத் தெரியப்போவுது" என்று சொல்லிவிட்டுக் காபி குடித்தார்.

அப்போது எனக்கு அழுகை வரவில்லை. பொங்கல் படத்தைக் காட்டினேன். இது என்னுடையது, நான் எடுத்தது என்றேன். அவர் அதை விரலால் பெரிதாக்கிப் பார்த்தார். "நல்லாப் பாருங்க அண்ணி. உங்களோடதுல நெய்க் கிண்ணம் இந்தப் பக்கம் இருக்கு. எங்களோடதுல அந்தப் பக்கம் இருக்கு. இது வேற போட்டோ" என்றார். முகத்தில் ஒரு அசைவு இல்லை. கண்ணாடியில் தெரிகிற மாதிரி படத்தை இடம் வலமாகத் திருப்பிப் போட்டிருக்கிறார்கள் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. சித்தி பக்கத்திலிருந்து சொன்னாள்: "போட்டோ புடிச்சாப் போதுமா அக்கா? இலை போடத் தெரியாதவங்க எல்லாம் சாப்பாட்டுக் கடை நடத்தக் கிளம்பிட்டாங்க." சேகர் சிரித்தார். "சொல்லாத, அண்ணி நமக்கே ஒரு இலை போட்டுடப் போறாங்க."

போடுகிறேன் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன். பஸ் காவிரிப் பாலம் ஏறும்போது எப்படிப் போடுவது என்று முடிவு பண்ணிவிட்டேன்.

முதலில் அவர்கள் சைட்டைப் பாடம் படிக்கிற மாதிரி படித்தேன். ஒவ்வொரு பக்கத்திலும் பெயரும் செல் நம்பரும் இடது பக்கம், பெரிய எழுத்தில். எழுத்துக்குக் கீழே வெற்றிடம், வலது பக்கம் சாப்பாடு. என் படங்களில் சாப்பாடு இடது பக்கம் இருந்தால் திருப்பிவிடுகிறார்கள், வலது பக்கம் இருந்தால் அப்படியே போடுகிறார்கள். நெய்க் கிண்ணம் அந்தப் பக்கம் போனதன் ரகசியம் அவ்வளவுதான். பிறகு காந்தி மார்க்கெட்டுக்குப் போய், லால்குடிப் பக்கத்திலிருந்து வந்த கட்டைப் பிரித்து, கிழியாத தலைவாழை இலையாக ஒன்று பொறுக்கினேன். வீட்டில் ஜன்னலோரம் பலகை போட்டு, வெள்ளைத் துணி விரித்து, உட்கார்ந்து சாப்பிடுகிறவர் பக்கம் நின்று இலையைப் போட்டேன். நுனி இடது பக்கம், உப்பும் ஊறுகாயும் நுனியோரம், கூட்டு, பொரியல், அப்பளம், வடை, நடுவில் சோறு, பருப்பு, உருக்கிய நெய். அப்பா பார்த்தால் ஒரு குறை சொல்ல முடியாது. இலையைப் படத்தின் இடது ஓரம் வரை தள்ளி, வலது பக்கம் வெறும் துணியாக விட்டேன். கை எதுவும் படத்தில் இல்லை, ஏனென்றால் திருப்பினால் வலது கை இடது கையாகிவிடும், கண்டுபிடித்துவிடுவார்கள். எழுத்துப் பொறித்த டம்ளரையும் படத்தில் வராமல் எடுத்து உள்ளே வைத்துவிட்டேன். நுனி படத்தின் கடைசி ஓரத்தில் இருந்தது. போனில் பார்த்தால் வெட்டுப்பட்டு, வெறும் பச்சையும் சோறும்தான் தெரியும். பெரிய திரையில்தான் நுனி தெரியும். அவ்வளவு அழகான படத்தை நான் அதற்கு முன்னும் எடுக்கவில்லை, பின்னும் எடுக்கவில்லை. என் பக்கத்தில் போட்டேன். ரோஜாப்பூ வந்து பார்த்தது. லைக் போடவில்லை.

அந்த வாரமே அது அவர்கள் சைட்டில் ஏறிவிட்டது. உள்ளே எங்கேயோ இல்லை, முதல் பக்கத்தில். பெயரும் நம்பரும் என் வெள்ளைத் துணியின் மேல். இலை வலது பக்கம் போய், நுனி வலது ஓரத்தில். சுப காரியத்துக்கு அப்பா முகம் ஆகாது என்றவர், கடை வாசலில் காரிய வீட்டு இலையை விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். என் இலையைப் பார்த்துச் சிரித்த மனிதர், பந்திப் பக்கம் போய் நாளாகிவிட்டது. போனில் தன் பெயர் பெரிதாகத் தெரிகிறதா என்று மட்டும்தான் பார்த்திருப்பார். நான் யாரிடமும் வாய் திறக்கவில்லை. தினமும் காலையில் காபியோடு அந்தப் பக்கத்தைத் திறந்து பார்ப்பேன். இருக்கிறதா என்று பார்ப்பேன். இருந்தது. காபி நன்றாக இருந்தது.

ஸ்ரீரங்கத்தில் ராஜாமணி சார் வீடு உனக்குத் தெரியாது. பேங்கில் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர். அவருக்கு அறுபதாம் கல்யாணம். அவருடைய மாப்பிள்ளை, சேகரை வீட்டுக்கே வரச்சொல்லியிருக்கிறார். ஹாலில் சொந்தக்காரர்கள் எல்லோரும் உட்கார்ந்திருக்க, எல்லோரும் பார்க்கட்டும் என்று மாப்பிள்ளை சைட்டைப் பெரிய டிவியில் போட்டிருக்கிறார். அடுத்து நடந்ததை ராஜாமணி சாரின் மனைவி ஜெயந்தி மேடம் என்னிடம் சொன்னபடியே எழுதுகிறேன்.

சார் டிவியைப் பார்த்தாராம். மூக்குக் கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தாராம். "சேகர், எனக்கு நடக்கப்போறது அறுபதாம் கல்யாணமா, பதினாறாம் நாள் காரியமா? இப்பவே சொல்லிடுங்க, நான் போய்ப் படுத்துக்கறேன்."

சேகருக்குப் புரியவில்லை. சிரித்துக்கொண்டே டிவியைத் திரும்பிப் பார்த்திருக்கிறார். அப்போதுதான் நுனி கண்ணில் பட்டிருக்கிறது. "ஐயோ சார், அது போட்டோவை மாத்தித் திருப்பிட்டாங்க. இலை சரியாத்தான் போட்டிருந்தது."

"போட்டோவை எதுக்குத் திருப்பணும்?" என்று மேடம் கேட்டிருக்கிறார். "எடுத்த போட்டோவை எடுத்த மாதிரி போட வேண்டியதுதானே? சரியான போட்டோ இருந்தா காட்டுங்க."

காட்ட அவரிடம் எது? "ஆபீஸ்ல இருக்குங்க மேடம்" என்று எழுந்திருக்கிறார். வாசல் வரை வந்த மாப்பிள்ளை, "நீங்க சிரமப்படாதீங்க. நாங்க வேற எடத்துல பாத்துக்கறோம்" என்று சொல்லி அனுப்பிவிட்டார். அன்றைக்கே ஸ்ரீரங்கத்து வாட்ஸப் குரூப்பில் எல்லாம் அந்த ஸ்கிரீன்ஷாட் சுற்ற ஆரம்பித்துவிட்டது. 'இவர்களுக்கு ஆர்டர் கொடுக்குமுன் உயில் எழுதிவிடவும்' என்று யாரோ ஒரு வரி வேறு சேர்த்திருந்தார்கள். அது நான் இல்லை. எனக்குத் தோன்றாமல் போயிற்றே என்று இன்றைக்கும் வருத்தம்தான்.

அடுத்த நாள் அவரும் சித்தியும் நம் வீட்டு வாசலில் நின்றார்கள். அப்பா படத்துக்குக் கீழே நாற்காலி போட்டு உட்காரவைத்தேன். தண்ணீர் கொடுத்தேன். சேகர் தண்ணீரைக் கையில் வைத்துக்கொண்டே பேசினார்.

"அண்ணி, ஒரு உதவிங்க. அந்த இலை போட்டோ உங்களோடதுதானே. ஒரிஜினலை அனுப்புங்க. இலை சரியாத்தான் இருந்துச்சுன்னு ராஜாமணி சாருக்கு ஒரு வார்த்தை சொல்லிடுங்க. ஊரே எனக்கு இலை போடத் தெரியாதுங்குது."

எனக்கு உள்ளே மேளம் கொட்டியது, பாலு. முகத்தை மட்டும் அசைக்கவில்லை. போனை வாங்கி, விரலால் பெரிதாக்கிப் பார்த்தேன்.

"நல்லாப் பாருங்க சேகர். என்னோடதுல நுனி இந்தப் பக்கம் இருக்கு. உங்களோடதுல அந்தப் பக்கம் இருக்கு. இது வேற போட்டோ."

சித்தி தரையைப் பார்த்தாள். சேகருக்கு இரண்டு வழிதான் இருந்தது. இலை போடத் தெரியாதவன் என்று ஊர் சொல்வதை ஒத்துக்கொள்ளலாம். அல்லது, இது எங்கள் அண்ணி படம், எடுத்துத் திருப்பிப் போட்டுக்கொண்டேன் என்று சொல்லலாம்.

"அண்ணி, குடும்ப மானங்க" என்றார்.

"எந்தக் குடும்பம்? நீங்க தனி ஒருவராத்தானே ஆரம்பிச்சீங்க."

தண்ணீரைக் குடிக்காமல் வைத்துவிட்டுப் போனார்கள். செருப்பு மாட்டும்போது சித்தி, "இவ்ளோ கல்லு மனசா அக்கா உங்களுக்கு" என்றாள். "மருங்காபுரிக் காட்டுல எல்லாம் கல்லுதான் விளையும்" என்றேன். ராஜாமணி சார் அறுபதாம் கல்யாணத்துக்கு நான்தான் சமைத்தேன். முதல் பந்தியில் முதல் இலையை, சார் பக்கத்தில் நின்று, என் கையால் போட்டேன்.

இதைப் படித்துவிட்டு நீ என்ன சொல்வாய் என்று தெரியும். "பாவம்மா சித்தப்பா, இப்ப ஆர்டரே இல்லாம இருக்காரு, போதும் விடு" என்று போன தடவை வந்தபோதே சொன்னாய். உனக்கு அப்பா மனசு. அது நல்ல மனசுதான், தொழிலுக்கு வேண்டும், வைத்துக்கொள். பழி வாங்குவதை நான் பார்த்துக்கொள்கிறேன். உனக்கு நான் சொல்கிற புத்தி ஒன்றுதான், அதுவும் அப்பா சொன்னது. சாப்பிடுகிறவர் பக்கம் நின்று பார். படம் எடுக்கும்போதும், எடுத்ததைத் தேர்ந்தெடுக்கும்போதும், எங்கே வைப்பது என்று யோசிக்கும்போதும் எதிர்ப் பக்கம் போய் நின்று பார். தொப்பிக்காரரை நீ உன் பக்கம் நின்று தேர்ந்தெடுத்தாய். சேகர் இலையைத் தன் பக்கம் நின்று தேர்ந்தெடுத்தார். நான் அவர் பக்கம் போய் நின்று தேர்ந்தெடுத்தேன்.

இப்போது நீ அனுப்பிய கடைசிப் படத்துக்கு வருகிறேன். முதல் பக்கத்துக்கு இது சரியாக இருக்குமா என்று கேட்டு அனுப்பியிருந்தாய். அதே மண்டபம், அதே அடுப்பு, அதே ஆவி. ஏதோ ஒரு ஏஐ செயலியில் போட்டு சித்தப்பாவை மொத்தமாக அழித்துவிட்டிருந்தாய். அவர் நின்ற இடத்தில் சுவரும் ஜன்னலும் அவ்வளவு சுத்தமாக வந்திருக்கிறது, பார்த்தவுடன் எனக்கே துள்ளல் வந்தது. எப்படிச் செய்தாய் என்று கேட்க போனை எடுத்துவிட்டேன். உனக்கும் என் ரத்தம் கொஞ்சம் ஓடுகிறது என்று சந்தோஷமாகக்கூட இருந்தது. பிறகு பெரிதாக்கிப் பார்த்தேன். அப்பாவின் கை அந்தரத்தில் நிற்கிறது. எதன் மேலும் இல்லை. ஏதோ விழப் போகிறவர் சுவரைத் தேடுகிற மாதிரி இருக்கிறது. நான் எடுத்த படத்தில் அவர் அப்படி நிற்கவில்லை. யாரையோ தாங்கிக்கொண்டு நின்றார்.

அதை வைக்காதே. அழித்தால் நாமும் அவர்களும் ஒன்றாகிவிடுவோம் என்று நான் சொல்லப்போவதாக நினைக்காதே. நான் அவ்வளவு நல்லவள் இல்லை. அழித்தால் சேகர் தப்பித்துவிடுவார், அதனால் சொல்கிறேன். அவர் சைட்டில் வெட்டிய படம் இன்னும் இருக்கிறது. இலையைத்தான் எடுத்தார், அதை எடுக்கவில்லை. கை யாருடையது என்று யாருக்குத் தெரியப்போகிறது என்ற தைரியம். ஆகவே நான் எடுத்த ஒரிஜினலை, ஒரு ஓரமும் வெட்டாமல், திருப்பாமல், வெளிச்சம்கூடக் கூட்டாமல் முதல் பக்கத்தில் வை. அப்பாவும் இருக்கட்டும், சேகரும் முழுசாகச் சிரித்துக்கொண்டு இருக்கட்டும். போனில் பார்த்தாலும் டிவியில் பார்த்தாலும் இரண்டு முகமும் அந்தக் கையும் தெரிகிற மாதிரி வை. எழுத்து எதுவும் மேலே வேண்டாம். கீழே ஒரே ஒரு வரி போடு: தம்பியின் தோளில் கை வைத்திருப்பவர்தான் எங்களுக்கு இலை போடச் சொல்லித்தந்தவர். அது போதும். சேகர் சைட்டைப் பார்த்துவிட்டு நம் சைட்டுக்கு வருகிற ஒவ்வொருவருக்கும் அந்தக் கை யாருடையது என்று தெரிந்துவிடும். அவர் தன் படத்தை அப்படியே விட்டுவைத்தால் அண்ணனை வெட்டியவர். பயந்து எடுத்துவிட்டால், தோளில் மிச்சமிருந்த அண்ணன் கையையும் தானே தட்டிவிட்டவர். எதை வேண்டுமானாலும் செய்யட்டும். எனக்கு அவசரமில்லை.

வெள்ளிக்கிழமை காலையில் நீ திறந்துவிட்டுச் சொல். அதே படத்தை என் பக்கத்திலும் போட்டுவிட்டு நான் காபியோடு உட்கார்ந்திருப்பேன். ரோஜாப்பூதான் முதலில் வந்து பார்க்கும். கொஞ்ச நேரம் அந்தப் படத்திலேயே நிற்கும். பிறகு லைக் போடாமல் போகும்.